சாந்திநிகேதனுக்கு வந்த ஜப்பானிய ஆசிரியர்கள்

அமர்த்தியா சென் தம் இளமைக்கால நினைவுகளை 2021இல் நூலாக வெளியிட்டபோது, அவருடைய தாயார் அமிதா சென் சாந்திநிகேதனில் ஜூடோ பயின்றவர் என்ற செய்தி பலருக்கு வியப்பளித்தது. தாகூரின் நாட்டிய நாடகங்களில் முதன்மைப் பாத்திரமேற்று ஆடியவராக அவரை வங்காளம் அறியும். சம்ஸ்கிருத அறிஞர் க்ஷிதிமோகன் சென்னின் மகளாகவும் அறியும். அந்தப் பெண்மணி தம் பதின்பருவத்தின் இறுதியில், ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆசிரியரிடம், எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பற்றித் தூக்கியெறியும் வித்தையைக் கற்றார் என்பது நாம் மனத்தில் வைத்திருக்கும் சாந்திநிகேதன் சித்திரத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. மரத்தடி வகுப்பு, ஆலாபனை, பட்டிக் சேலை என்று அந்த இடத்தை மென்மையின் உறைவிடமாகவே நாம் கற்பனை செய்து பழகிவிட்டோம்.

ஆனால் அந்தப் பள்ளியின் வரலாற்றில் ஜப்பானிய ஆசிரியர்களின் வருகை இடைச்செருகல் அன்று. ஏறத்தாழ தொடக்கத்திலிருந்தே இருப்பது. தாகூரையும் ஜப்பானையும் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். கீழ்த்திசை எழுச்சியில் மயங்கிய கவிஞர் என்பார் ஒரு சாரார். ஜப்பானுக்கே சென்று ஜப்பானைக் கண்டித்த துணிச்சல்காரர் என்பார் மறு சாரார். இரு சாராரும் அவருடைய சொற்பொழிவுகளையே சான்றாக வைத்து வாதிடுகிறார்கள். அவர் யார் யாரைத் தம் பள்ளிக்கு அழைத்தார், அவர்களிடம் எதைக் கேட்டார், அவர்களை வைத்துக்கொள்ள என்ன பாடுபட்டார் என்று பார்த்தால் வேறொரு கதை தென்படுகிறது. அதைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

போல்பூர் அருகே அந்தப் பள்ளி 1901 டிசம்பரில் ஐந்து மாணவர்களுடன் தொடங்கிற்று. அவர்களில் ஒருவர் தாகூரின் மூத்த மகன் ரதீந்திரநாத். சில மாதங்களுக்குள், 1902இல், முதல் வெளிநாட்டு மாணவர் அங்கே வந்து சேர்ந்தார். ஹோரி ஷிட்டோகு என்ற அந்த இளம் பௌத்தத் துறவி, கலை அறிஞர் ஒகாகுரா காகுஸோவுடன் இந்தியாவுக்கு வந்தவர். சம்ஸ்கிருதம் கற்கவே ஆசிரமத்தில் தங்கினார். மறு ஆண்டே இந்தியாவில் மரணமடைந்தார். ஒகாகுரா கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகியது, சகோதரி நிவேதிதாவின் முன்னுரையோடு அவருடைய ஆசியக் கலை பற்றிய நூல் 1903இல் லண்டனில் வெளியானது ஆகியவை எல்லாரும் அறிந்தவை. ஹோரியை எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வரிசை அவரிடமிருந்தே தொடங்குகிறது. ஜப்பான் முதலில் அங்கே வந்தது ஆசிரியராக அன்று, மாணவராக.

ஹோரி வந்த அதே 1902இல் அந்தப் பள்ளியில் ஒரு சிக்கல் எழுந்தது. பிராமண மாணவர்கள் பிராமணரல்லாத ஆசிரியரின் காலைத் தொட்டு வணங்கலாமா என்பதே அது. ஆசிரமத்தில் இந்து சமூக வழக்கத்துக்கு மாறானது நடக்க வேண்டாம், அத்தகைய ஆசிரியர்களுக்குக் கைகூப்பினால் போதும் என்பதே தாகூர் அன்று எடுத்த முடிவு. பிற்காலத் தாகூரை மட்டுமே அறிந்தவர்கள் இதைப் படித்துச் சங்கடப்படுவார்கள், நாங்களும் பட்டோம். அவர் அந்த நிலையிலிருந்து சில ஆண்டுகளிலேயே விலகி வந்துவிட்டார். ஆயினும் எங்கிருந்து விலகினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், அடுத்து வந்த விருந்தாளியின் வருகை எத்தகையது என்பது விளங்கும்.

1905இல் ஸானோ ஜின்னோசுகே என்ற இளைஞர் ஜூடோ ஆசிரியராகச் சாந்திநிகேதனுக்கு வந்தார். அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். மே மாதத்தில் சுஷிமா கடற்போரில் ருஷ்யக் கடற்படை ஜப்பானிடம் தோற்றது. ஆசியா முழுதும் அந்தச் செய்தி மின்னலாய்ப் பாய்ந்தது. அக்டோபரில் வங்கம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. வங்காளிகள் உடல்வலிமையற்றவர்கள் என்று மெக்காலே முதலானோர் எழுதிவைத்த பழிச்சொல்லைத் துடைப்பதற்காகவே கல்கத்தாவில் சிலம்பக்கூடங்கள் பெருகின. தாகூரின் சகோதரி மகள் சரளாதேவியே வாளும் தடியும் பழக்கும் கூடம் நடத்தினார். இந்தச் சூழலில் ஒரு ஜப்பானிய மல்லரைப் பள்ளிக்கு வரவழைப்பது, வெளிப்பார்வைக்கு, போருக்கு ஆயத்தமாவது போலவே தோன்றியிருக்கும்.

ஆனால் ஜூடோ என்பது படைவீரர்களின் பழைய வித்தையை அப்படியே எடுத்துக்கொண்டதன்று. அதை வகுத்த கானோ ஜிகோரோ தொழிலால் பள்ளி ஆசிரியர். டோக்கியோவின் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 1882இல் கொடோகன் பயிற்சிக்கூடத்தை அவர் நிறுவியபோது, பழைய ஜுஜுத்ஸுவில் ஆளைக் கொல்லக்கூடிய பிடிகளை ஒதுக்கி, உடற்பயிற்சியாகவும் ஒழுக்கப் பயிற்சியாகவும் அதை மாற்றியமைத்தார். அதில் முதல் பாடம் எறிவதன்று, விழுவது. முதுகு, தோள், முன்கை ஆகியவற்றில் அதிர்ச்சியைப் பரப்பி, உள்ளங்கையால் பாயை அறைந்து, அடிபடாமல் விழப் பழகிய பின்னரே பிறரை எறியும் உரிமை மாணவருக்குக் கிடைக்கும். விழுகிறவரின் சட்டைக் கையைப் பிடித்து அவர் தலை அடிபடாமல் காப்பதும் எறிகிறவரின் கடமை. இணைந்து பயிலாமல் இதைக் கற்க வழியே இல்லை. தனியே செய்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இங்கே எங்கள் அனுமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். எந்த ஆசிரியரின் காலை எந்த மாணவர் தொடலாம் என்று மூன்றாண்டுகளுக்கு முன் ஆராய்ந்த பள்ளியில், எல்லா மாணவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றி, ஒரே தரையில் புரண்டு எழும் ஒரு பாடம் நுழைந்தது. அதைக் கற்பித்தவரோ எந்த வருணத்திலும் அடங்காத அந்நியர். தாகூர் இதை எண்ணித்தான் ஸானோவை வரவழைத்தார் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. அந்தப் பாடம் சாதியைத் தொட்டுப் பேசவேயில்லை. பேசாமலே என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஸானோ மூன்றாண்டுகள் போல இருந்துவிட்டு 1908இல் விடைபெற்றார். கதை அங்கே முடியவில்லை. 1917இல் இந்தியாவையும் இந்தியரையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1924இல் தாகூரின் ‘கோரா’ நாவலை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். அன்றைய ஜப்பானில் தாகூர் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்துகொண்டிருந்தபோது, அவருக்கு வங்காளம் தெரிந்திருந்தது. மல்வித்தை கற்பிக்க வந்தவர் ஒரு நாவலோடு திரும்பினார் என்று சொல்லலாம். அதுவும் எந்த நாவல்! சாதித் தூய்மையில் வெறிகொண்ட ஓர் இளைஞன் தான் பிறப்பால் யார் என்றறிந்து அதிர்வதைச் சொல்லும் நாவல்.

அடுத்த வருகையின் பின்னணிதான் இந்த வரலாற்றிலேயே மிகவும் சுவையானது.

1916 மே மாதத் தொடக்கத்தில் தாகூர் ‘தோசா மாரு’ என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். ஆண்ட்ரூஸும் பியர்சனும் இளம் ஓவியர் முகுல் தேயும் உடன் சென்றனர். நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியரை ஜப்பான் கோலாகலமாக வரவேற்றது. ஜூன் மாதத்தில் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலும், ஜூலைத் தொடக்கத்தில் கெயோ பல்கலைக்கழகத்திலும் அவர் பேசினார். ஐரோப்பாவின் தேசியவெறியை ஜப்பான் நகலெடுக்கிறது, அண்டை நாடுகளை அடக்குவதைப் பெருமையாகக் கருதுகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். வரவேற்பு விரைவில் ஆறிப்போயிற்று. அடிமை நாட்டுக் கவிஞனுக்கு இது சகஜமான புலம்பல் என்ற தொனியில் ஏளனங்கள் எழுந்தன.

அதே வாரங்களில் அவர் தங்கியிருந்தது யொகோஹாமாவில், பட்டு வணிகர் ஹாரா தோமிதாரோவின் ஸான்கெய் தோட்ட மாளிகையில். ஹாரா கலைஞர்களைப் போற்றிய செல்வர். அங்கே ஷிமொமுரா கான்ஸான் வரைந்த ஒரு திரைச்சித்திரம் தாகூரைக் கட்டிப்போட்டது. பூத்த பிளம் மரத்தடியில் நின்று, அஸ்தமிக்கும் சூரியனைக் கைகூப்பி வணங்கும் பார்வையற்ற இளைஞனின் சித்திரம் அது. அதன் பிரதி தம் நாட்டுக்கு வேண்டும் என்று கேட்டார். பிரதியெடுக்க ஹாரா ஏற்பாடு செய்த ஓவியர் அராய் கம்போ. அவருடைய கையைக் கண்ட தாகூர், பிரதியோடு ஓவியரையும் அழைத்தார். கல்கத்தாவிலுள்ள அபனீந்திரருக்கும் ககனேந்திரருக்கும் கடிதங்கள் பறந்தன. நீங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து சிறு சிறு படங்கள் வரைகிறீர்கள், வெளியே வந்து இங்கே தூரிகை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள் என்ற பொருளில் கடிந்துகொண்டார்.

ஒரு நாட்டின் அரசியலை அதன் மண்ணிலேயே நின்று கண்டிப்பது. அதே மூச்சில் அந்த நாட்டின் ஓவியரிடம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வாருங்கள் என்று கேட்பது. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. கொடிக்கும் கைக்கும் வேறுபாடு தெரிந்தவரின் செயலாகவே இது படுகிறது. கண்டனம் செய்யத் துணிந்தவர் பாடம் கேட்கக் கூசவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

அராய் கம்போ 1916 இறுதியில் கல்கத்தா வந்து 1918 வரை இந்தியாவில் இருந்தார். ஜொராசாங்கோவிலுள்ள தாகூர் இல்லத்தின் விசித்ரா கூடத்தில் மையும் தூரிகையும் கையாளக் கற்பித்தார். 1903இலேயே யொகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தா வந்து, வண்ணத்தைக் கழுவிக் கழுவி மங்கலாக்கும் முறையை அபனீந்திரரிடம் விதைத்துச் சென்றிருந்தனர். ஆனால் அது விரைந்து வந்து போன விருந்து. கம்போ நீண்ட நாள் தங்கினார். நந்தலால் போஸுக்கு நண்பரானார். நந்தலாலின் பிற்காலத்து மைச்சித்திரங்களில் ஒரே வீச்சில் ஓடும் கோட்டைக் காண்பவர்கள் அந்த நட்பை நினைவுகூரலாம்.

கம்போவும் வெறும் ஆசிரியராக இருந்து திரும்பவில்லை. ஜப்பானிலிருந்து வந்த குழுவினரோடு அஜந்தா சென்று, குகைகளின் அரையிருட்டில் சுவரோவியங்களைப் பிரதியெடுத்தார். அந்தப் பிரதிகள் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் எரிந்துபோயின. பிற்காலத்தில் ஹோர்யூஜி ஆலயத்தின் பழைய சுவரோவியங்களைப் பிரதியெடுக்கும் பெரும்பணியில் ஈடுபட்ட அவர் 1945இல் காலமானார். அங்கே பிரதி பிழைத்தது, மூலம் 1949இல் தீக்கிரையாயிற்று. கான்ஸானின் பார்வையற்ற இளைஞனை அவர் பிரதியெடுத்த திரை மட்டும் சாந்திநிகேதனில் பத்திரமாக இருக்கிறது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே குறித்துவிட வேண்டும். இந்த ஜப்பான் பயணத்தைப் பற்றித் தாகூர் எழுதிய கடிதங்கள் 1919இல் ‘ஜப்பான் யாத்ரி’ என்று நூலாயின. பாஷோவின் மூன்றடிக் கவிதைகளை வங்காளிகளுக்கு அறிமுகப்படுத்தியது அதுதான். தாகூர் ஜப்பானில் இருந்த அதே 1916இல், புதுச்சேரியில் இருந்த பாரதி, யோனே நொகுச்சியின் கட்டுரையொன்றைப் படித்துவிட்டு, ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரையைச் சுதேசமித்திரனில் எழுதினார். தமிழில் ஹைக்கு பற்றிய பேச்சு அங்கே தொடங்குகிறது. ஒருவர் கப்பலேறிச் சென்று கண்டதை மற்றவர் பத்திரிகை வழியே கண்டார். நொகுச்சியின் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்; சற்றுப் பின்னால் மீண்டும் வருகிறார்.

இனி அமிதா சென்னின் ஆசிரியரிடம் வருவோம். 1929இல் கனடாவில் நடந்த கல்வி மாநாட்டுக்குச் சென்று திரும்பும் வழியில் தாகூர் மறுபடி ஜப்பானில் தங்கினார். டோக்கியோவில் ஒகுரா குனிஹிகோவின் இல்லத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் விருந்தினராக இருந்தார். அப்போது வயது 68. கால் நூற்றாண்டுக்கு முன் ஸானோ விட்டுச்சென்ற பாடத்தை மறுபடி தொடங்க நல்லதோர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தகாகாகி ஷின்ஸோ. கொடோகனின் தேர்ந்த மல்லர். அவ்வாண்டு இறுதியில் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார்.

இம்முறை மாணவிகளும் பாயில் இறங்கினர். கொடோகனிலேயே பெண்களுக்கென்று தனிப்பிரிவு 1926இல்தான் தொடங்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால், வங்காளத்துச் செம்மண்ணில் 1930இல் நடந்தது எவ்வளவு துணிச்சலானது என்பது புரியும். சேலையை விட்டு, தொளதொளப்பான அங்கியும் காற்சட்டையும் அணிந்து, இடையில் கச்சை கட்டி, பொதுவிடத்தில் மல்லாடும் பெண்களை அன்றைய பத்ரலோகம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. 1931 மார்ச்சில் கல்கத்தாவின் நியூ எம்பயர் அரங்கில் மாணவ மாணவியரின் ஜூடோ நிகழ்ச்சியைத் தாகூர் மேடையேற்றினார். அதற்கென்றே ஒரு பாடலும் இயற்றினார். கூச்சத்தில் குன்றுவது தன்னைத்தானே அவமதிப்பதாகும் என்பது அதன் கருத்து. இன்று அது வங்காளத்தில் எல்லா மேடைகளிலும் பாடப்படுகிறது. மல்வித்தைக்காக எழுதப்பட்டது என்பதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் அறிவர் என்று தெரியவில்லை.

அந்த மேடையேற்றத்துக்குப் பின்னால் பணக்கவலையும் இருந்தது. தொலைநாட்டிலிருந்து ஒரு தேர்ந்த ஆசிரியரை வரவழைத்து இரண்டாண்டுகள் வைத்துக்கொள்ளும் வசதி விசுவபாரதிக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. பள்ளி தொடங்கிய புதிதில் தாகூரின் மனைவி மிருணாளினி தேவி நகைகளை விற்றுக்கொடுத்தார். கவிஞரோ முதுமையிலும் நாட்டியக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். அதைக் கண்டு பொறுக்காமல் 1936இல் காந்தியடிகள் 60,000 ரூபாய் திரட்டித் தந்து கடனை அடைத்தார். அத்தகைய நிலையில்தான் தகாகாகியின் செலவு வந்து சேர்ந்தது. இவ்வளவு சிரமப்பட்டு வரவழைத்த ஆசிரியரை நாடு பயன்படுத்திக்கொள்ளட்டும், கல்கத்தா மாநகராட்சி அவரை ஏற்றுக்கொள்ளட்டும் என்று தாகூர் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. 1931இல் தகாகாகி விடைபெற்று நேபாளம், ஆப்கானிஸ்தான் என்று வேறு நாடுகளுக்குப் பயிற்சியளிக்கச் சென்றார். சாந்திநிகேதனில் அவருக்குப் பின் அந்த வகுப்பை ஏற்று நடத்தத் தகுந்தவர் வரவில்லை.

எல்லா ஜப்பானிய விருந்தினரும் மேடை ஏறியவர்கள் அல்லர். ஸ்ரீநிகேதனில் மரவேலையும் தோட்டக்கலையும் பழக்கிய கஸாஹாராவின் பெயர் நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் வருவதில்லை. ஆனால் தாகூருக்கு மரத்தின் மேல் ஒரு சிறு குடில் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அந்த வரிசையில் எங்களுக்கு மிகவும் பிடித்தவரும் அவரே.

பிறகு 1938. நொகுச்சி 1935-36 குளிர்காலத்தில் இந்தியாவெங்கும் சொற்பொழிவாற்றிச் சாந்திநிகேதனிலும் விருந்தினராகத் தங்கிச் சென்றிருந்தார். 1937இல் ஜப்பான் சீனாவின்மீது பெரும்போர் தொடுத்தது. அந்தப் போர் ஆசியாவின் நன்மைக்கானது என்று வாதிட்டு 1938 ஜூலையில் தாகூருக்கு அவர் எழுதினார். செப்டம்பரில் தாகூர் விடையெழுதினார். மண்டையோடுகளின் கோபுரத்தின்மேல் எழுப்பப்படும் ஆசியா தமக்கு வேண்டாம் என்ற கருத்தை அவர் சற்றும் மழுப்பவில்லை. இருபுறமும் கடிதங்கள் தொடர்ந்தன, இந்தியப் பத்திரிகைகளில் வெளியாயின, நட்பு முறிந்தது.

அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். 1937 ஏப்ரலில், போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன், சாந்திநிகேதனில் சீன பவன் திறக்கப்பட்டிருந்தது. பேராசிரியர் தான் யுன்-ஷான் அதன் தலைவராக வளாகத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார். ஜப்பானியரிடம் தூரிகை பிடிக்கக் கற்ற நந்தலால் அதே வளாகத்தில் கலா பவனின் தலைவராக இருந்தார். பார்வையற்ற இளைஞனின் திரையை எவரும் கழற்றி எறியவில்லை. 1936-37இல் ஜப்பான் சென்று வந்த ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி அங்கே கண்ட தூரிகை நெறியைக் கைவிடவும் இல்லை. தாகூர் 1941 ஆகஸ்டில் மறைந்தார். பேர்ல் துறைமுகத் தாக்குதலைக் காண அவர் இல்லை.

போருக்குப் பின் 1954இல் விசுவபாரதியில் ஜப்பானிய மொழித் துறை ஏற்பட்டது. 1967இல் அங்கே மொழி கற்பிக்க வந்தவர் அஸுமா கஸுவோ. நான்காண்டுகள் தங்கினார். பின்னர் தாகூரின் படைப்புகளை ஜப்பானிய மொழியில் பெருந்தொகுதிகளாகக் கொண்டுவரும் பணியில் முன்னின்றார். 1994இல் சாந்திநிகேதனில் நிப்பன் பவன் எழுந்ததற்கும் அவருடைய இடைவிடாத முயற்சி பெரிதும் காரணம். 2011இல் காலமாகும் வரை வங்காளத்தோடு அவருக்கிருந்த தொடர்பு அறவில்லை. ஜப்பானிய மொழி கற்பிக்க வந்த அவர், ஸானோவைப் போலவே, தாகூரின் மொழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.